வழிந்தால் நல்லது: தோட்டா மருந்து, கேள்வி பதில்

கைத்துப்பாக்கித் தோட்டாவை வீட்டிலேயே நிரப்பிக்கொள்பவர்களிடமிருந்து வந்த கேள்விகளில் பாதிக்கு மேல் மருந்தை, அதாவது எரிந்து குண்டைத் தள்ளும் பொடியைப் பற்றியவை. ஆகவே இந்த முறை மருந்து மட்டும். சட்டம் இடத்துக்கு இடம் மாறும். சில நாடுகளில் உரிமம் இல்லாமல் ஒரே ஒரு தோட்டாவைக்கூட நிரப்பக் கூடாது. அதைச் சரிபார்த்துக்கொண்டு படியுங்கள். எந்தத் தோட்டாவுக்கு எத்தனை கிரெய்ன் (மருந்தை நிறுக்கும் எடை அலகு) என்ற பட்டியலை இங்கே தேடாதீர்கள். அது மருந்து தயாரிப்பாளரின் நடப்புக் கையேட்டில் இருக்க வேண்டிய சங்கதி. எந்த மருந்தை, ஏன் எடுப்பது என்பதே எங்கள் வேலை.

கேள்வி: 9 மி.மீ. லூகர் தோட்டாவை முதல்முறையாக நிரப்பப் போகிறேன். கடையில் இருபது டப்பா அடுக்கியிருக்கிறது. எதை எடுப்பது?

பதில்: இரண்டு முறை கொட்டினால் கேஸிலிருந்து (தோட்டாவின் கூடு) வழிந்துவிடும் மருந்தை எடுங்கள். வேகம், துல்லியம், சுத்தம், விலை எல்லாம் அதற்குப் பிறகுதான்.

வீட்டில் தோட்டா நிரப்புபவர்களின் துப்பாக்கியை உடைக்கும் தவறுகளில் முக்கியமானது இரட்டை மருந்து. யாரோ கூப்பிடுகிறார்கள், திரும்பிப் பார்க்கிறீர்கள், ஏற்கெனவே மருந்து விழுந்த கேஸில் இன்னொரு அளவு விழுகிறது. அளவு கேஸின் பாதிக்கு மேல் நிற்கும் மருந்தாக இருந்தால் இரண்டாவது அளவு மேசையில் சிந்தித் தன்னைத்தானே காட்டிக்கொடுத்துவிடும். பாதிக்கும் கீழே அடங்கும் மருந்து என்றால் சத்தமே இல்லாமல் உள்ளே உட்கார்ந்துகொள்ளும். மேலே குண்டை வைத்து அமுக்கியும் விடுவீர்கள்.

9 மி.மீ.யில் யூனிக் என்ற பெயரில் விற்பதுபோன்ற, துகள் தகடாக இருக்கும் மருந்து வழியும். டைட்குரூப் வழியாது, அது கனமான, அடர்த்தியான மருந்து, சிறிய அளவிலேயே வேலையை முடித்துவிடும். புல்ஸ்ஐ விளிம்புவரை வந்து நின்றுவிடக்கூடும், அதை நம்ப முடியாது. டைட்குரூப் மோசமான மருந்து என்று சொல்லவில்லை. கைப்பழக்கம் வந்தவர்களுக்குச் சிக்கனமான, நல்ல மருந்து. முதல் டப்பாவாக வேண்டாம் என்கிறோம்.

கடைக்குப் போகும்முன் உங்கள் குண்டின் எடையையும் வகையையும் குறித்துக்கொள்ளுங்கள்: 115, 124, 147 கிரெய்னில் எது, செம்பு உறையிட்டதா, மெல்லிய செம்புப் பூச்சா, வெறும் ஈயமா. கையேட்டில் அந்தக் குண்டுக்கு அளவு கொடுக்கப்பட்ட மருந்துகளை வரிசையாக எழுதிக்கொள்ளுங்கள். அந்தச் சீட்டில் இல்லாத டப்பாவைக் கடைக்காரர் எவ்வளவு புகழ்ந்தாலும் வாங்காதீர்கள். தொடக்க அளவுக்கும் உச்ச அளவுக்கும் நடுவே எவ்வளவு இடைவெளி இருக்கிறது என்றும் பாருங்கள். அரை கிரெய்ன் இடைவெளி உள்ள மருந்தில் தராசு சற்று ஏமாற்றினாலே எல்லையைத் தாண்டிவிடுவீர்கள். ஒரு கிரெய்ன் இருந்தால் மூச்சுவிட இடம் உண்டு.

கேள்வி: 5 கிரெய்ன் என்றால் ஐந்து துகள் மருந்தா?

பதில்: இல்லை. கிரெய்ன் என்பது எடை. 7000 கிரெய்ன் ஒரு பவுண்டு, ஏறக்குறைய 15.4 கிரெய்ன் ஒரு கிராம். தராசில் கிராம், கிரெய்ன் இரண்டுக்கும் பொத்தான் இருக்கும். ஒவ்வொரு முறை உட்காரும்போதும் எதில் நிற்கிறது என்று பார்த்துவிட்டுத் தொடங்குங்கள். இந்தக் கணக்கு பர்ஸுக்கும் உதவும். 4.5 கிரெய்ன் பிடிக்கும் மருந்தில் ஒரு பவுண்டு டப்பா சுமார் 1550 தோட்டாவுக்கு வரும். 16 கிரெய்ன் பிடிக்கும் மேக்னம் மருந்தில் அதே டப்பா 437 தோட்டாவோடு காலி.

கேள்வி: எரியும் வேகப் பட்டியலில் என்னிடம் உள்ள மருந்தும் கையேட்டில் சொன்ன மருந்தும் அடுத்தடுத்த வரியில் இருக்கின்றன. அதே அளவைப் போடலாமா?

பதில்: கூடாது.

அந்தப் பட்டியல் வரிசையைத்தான் சொல்கிறது, இடைவெளியைச் சொல்வதில்லை. 12ஆம் வரிக்கும் 13ஆம் வரிக்கும் நடுவே முடியளவு வித்தியாசம் இருக்கலாம், 13க்கும் 14க்கும் நடுவே பள்ளத்தாக்கே இருக்கலாம். பட்டியல் போட்டவர் மாறினால் வரிசையும் மாறும். அதற்குக் காரணம் உண்டு. மருந்து எரியும் வேகம் அதற்கென்று பிறவியிலேயே வந்த மாறாத குணம் அல்ல. அழுத்தம் ஏறினால் வேகமும் ஏறும். கேஸ் சிறியதா பெரியதா, குண்டு கனமா லேசா, எவ்வளவு ஆழம் உட்கார்ந்திருக்கிறது, மருந்தைப் பற்றவைக்கும் பிரைமர் எவ்வளவு சூடானது என்பதையெல்லாம் பொறுத்து ஒரே மருந்து வேறுவேறு மாதிரி நடந்துகொள்ளும். ஒரு தோட்டாவில் அண்ணன் தம்பியாக இருக்கும் இரண்டு மருந்துகள் இன்னொரு தோட்டாவில் பங்காளிச் சண்டை போடும்.

ஒரே விதிவிலக்கு, பெயர் இரண்டானாலும் பொருள் ஒன்றாக இருப்பவை. எச்பி-38, வின்செஸ்டர் 231 இரண்டும் ஒரே மருந்து. எச்110, வின்செஸ்டர் 296 இரண்டும் அப்படியே. இதைத் தயாரிப்பாளரே வெளிப்படையாகச் சொல்கிறார். அப்படிச் சொல்லாத எதையும் நீங்களாக ‘இதுவும் அதுவும் ஒன்றுதான்’ என்று முடிவுகட்ட வேண்டாம்.

கேள்வி: அப்படியானால் வேக மருந்து, மெது மருந்து என்ற பேச்சுக்கு என்னதான் பொருள்?

பதில்: குண்டு குழலுக்குள் நகர நகர, வாயு நிரப்ப வேண்டிய இடம் பெருகிக்கொண்டே போகிறது. வேக மருந்து பெரும்பாலும் குண்டு கிளம்பும்போதே எரிந்து முடிந்துவிடும்; அழுத்தம் சட்டென்று உச்சிக்குப் போய்ச் சட்டென்று இறங்கும். மெது மருந்து பின்னாலிருந்து தள்ளிக்கொண்டே வரும். உச்ச அழுத்தம் ஒரே அளவாக இருந்தாலும் தள்ளும் நேரம் கூடுவதால் வேகம் அதிகம் கிடைக்கும். ஆனால் அதற்கு அதிக மருந்தும், அதைத் தாங்கும் கேஸும், எதிர்த்து நிற்கும் கனமான குண்டும் வேண்டும். லேசான குண்டுக்குப் பின்னால் மெது மருந்தைப் போட்டால் அழுத்தமே ஏறாமல் பாதி மருந்து எரியாமல் குழலில் மிஞ்சும். சுட்டபின் கேஸில் மஞ்சள் பொடி கிடப்பது அதன் கைரேகை.

வேகத்தை நிர்ணயிப்பதில் பாதிப் பங்கு துகளின் உருவத்துக்கு. மெல்லிய தகடு என்றால் பரப்பு அதிகம், சீக்கிரம் எரியும். உருண்டை மருந்து மேற்பூச்சால் மட்டுப்படுத்தப்பட்டிருக்கும், மருந்தை அளந்து கொட்டும் அளவியில் தண்ணீர்போல ஓடும். இன்னொரு பாதி உள்ளடக்கம். நைட்ரோசெல்லுலோஸ் மட்டும் உள்ளவை ஒரு வகை. பின்லாந்தின் வீட்டாவூரி என்320 அந்த வகை. நைட்ரோகிளிசரினும் சேர்ந்தவை இன்னொரு வகை. புல்ஸ்ஐ, யூனிக், டைட்குரூப் எல்லாம் இதில் வரும். இவற்றில் ஆற்றல் அதிகம், சூடும் அதிகம்.

பெயரில் உள்ள எண்ணை வைத்து வேகத்தை ஊகிக்காதீர்கள். அக்யுரேட் 2, 5, 7, 9 என்ற வரிசையில் எண் ஏற ஏற மெது. 2400 என்ற மருந்தில் அந்த எண்ணுக்கும் மற்ற எந்த எண்ணுக்கும் உறவே இல்லை.

கேள்வி: .38 ஸ்பெஷலில் குறி பார்த்துச் சுடுவதற்கான லேசான தோட்டா நிரப்புகிறேன். எல்லாவற்றிலும் ஒரே எடை மருந்துதான். ஆனால் வேகமானியில் ஒன்றுக்கொன்று பெரிய வித்தியாசம் வருகிறது.

பதில்: நீங்கள் 1898ஆம் ஆண்டின் கேஸில் நிரப்புகிறீர்கள். .38 ஸ்பெஷல் பிறந்தபோது புகை கக்கும் பழைய கரிமருந்து வழக்கத்திலிருந்து முழுதாகப் போய்விடவில்லை. ஆகவே அதன் கேஸ் கரிமருந்தை நினைத்து நீளமாகச் செய்யப்பட்டது. 1873ன் .45 கோல்ட்டுக்கும் அதே கதை. புகையில்லா மருந்துக்கு அத்தனை இடம் தேவையே இல்லை. 1902ல் வந்த 9 மி.மீ. லூகர் தொடக்கத்திலிருந்தே புகையில்லா மருந்துக்கானது. அதனால்தான் அது குட்டைக் கேஸ், அழுத்தம் மட்டும் அதிகம். சாமி (SAAMI) என்ற அமெரிக்கத் தோட்டாத் தர அமைப்பின்படி 9 மி.மீ.யின் உச்ச அழுத்தம் 35,000 பி.எஸ்.ஐ. (சதுர அங்குலத்துக்கு இத்தனை பவுண்டு), .38 ஸ்பெஷலுக்கோ 17,000தான். பழைய தோட்டா என்றால் பெரிய அறை, சின்னக் குடித்தனம் என்று நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

148 கிரெய்ன் வாட்கட்டர் என்ற தட்டைமூக்குக் குண்டுக்குப் பின்னால் மூன்று கிரெய்னுக்கும் குறைவான புல்ஸ்ஐ போடுவது பழைய பழக்கம். அந்த மருந்து பெரிய கேஸில் தரையில் சிந்தின சர்க்கரைபோலக் கிடக்கும். குழலைக் கீழே சாய்த்துவிட்டு நிமிர்த்தினால் மருந்து குண்டோடு ஒட்டி நிற்கும். மேலே தூக்கிவிட்டு இறக்கினால் பிரைமரோடு சேர்ந்து நிற்கும். பிரைமர் பக்கம் இருக்கும்போது தீ உடனே பிடிக்கிறது, வேகம் கூடுகிறது. உங்கள் வேகமானி காட்டும் வித்தியாசத்தில் பெரும்பங்கு இதுவாகத்தான் இருக்கும்.

சோதித்துப் பாருங்கள். ஐந்து தோட்டாவை ஒவ்வொரு முறையும் பாதுகாப்பான திசையில் குழலை மெல்ல மேலே தூக்கி இறக்கிவிட்டுச் சுடுங்கள். அடுத்த ஐந்தைக் கீழே சாய்த்து நிமிர்த்திவிட்டுச் சுடுங்கள். இரண்டு சராசரிக்கும் நடுவே பெரிய இடைவெளி இருந்தால் அந்த மருந்து உங்கள் கேஸில் இடத்தைப் பொறுத்து மாறுகிறது. டைட்குரூப்பை இந்தக் குறை குறைவாக இருக்கும்படியே செய்திருக்கிறார்கள். வேறு வழி, இடத்தை அடைத்துக்கொள்ளும் மருந்து. ட்ரெயில் பாஸ் வடைபோல நடுவில் ஓட்டை உள்ள துகள். எடை கொஞ்சம், இடம் அதிகம். ரெட் டாட்டும் ஓரளவு பொங்கி நிற்கும்.

வாட்கட்டர் குண்டு கேஸுக்குள் முழுதாக இறங்கிவிடும் என்பதையும் மறக்க வேண்டாம். அதற்கான அளவு அதற்கு மட்டும்; அதே எடை வட்டமூக்குக் குண்டின் அளவை அங்கே போடக் கூடாது.

கேள்வி: என்னிடம் புல்ஸ்ஐதான் இருக்கிறது, அதை மாற்றும் எண்ணமும் இல்லை. இரட்டை மருந்தை எப்படிக் கண்டுபிடிப்பது?

பதில்: .38 ஸ்பெஷலில் மூன்று கிரெய்னுக்கும் குறைவான புல்ஸ்ஐ அளவை நான்கு முறை கொட்டினாலும் வழியாது. ஆகவே கண்தான் காவல்.

ஐம்பது துளைப் பலகை வாங்குங்கள். பிரைமர் போட்ட காலிக் கேஸ்களை வாய் கீழாகக் கவிழ்த்து வையுங்கள். ஒன்றை எடுத்து நிமிர்த்தி மருந்து கொட்டியபின் இன்னொரு பலகையில் வாய் மேலாக வையுங்கள். கவிழ்ந்திருப்பது காலி, நிமிர்ந்திருப்பது நிரம்பியது. கொட்டின கேஸை மறுபடி எடுக்க வழியே இல்லை. ஐம்பதும் முடிந்ததும் விளக்கைப் பலகைக்கு நேர் மேலே கொண்டுவந்து வரிசை வரிசையாக எட்டிப்பாருங்கள். மட்டம் எல்லாவற்றிலும் ஒன்றாக இருக்க வேண்டும். சந்தேகம் வந்தால் அந்தக் கேஸின் மருந்தை மட்டும் கொட்டி எடைபோடுங்கள். குண்டு வைப்பது இதற்குப் பிறகுதான்.

முடிந்த தோட்டாவை எடைபோட்டுக் கண்டுபிடிக்கலாம் என்று நினைக்காதீர்கள். கேஸுக்குக் கேஸ், குண்டுக்குக் குண்டு எடை மாறும். மூன்று கிரெய்ன் மருந்து அந்த ஏற்ற இறக்கத்தில் காணாமல் போய்விடும்.

ஒரே இழுப்பில் பல கேஸில் வெவ்வேறு வேலை செய்யும் புரோகிரசிவ் பிரஸ் வைத்திருப்பவர்கள் கைப்பிடியைப் பாதியில் நிறுத்தித் திரும்பக் கொண்டுபோகக் கூடாது. எங்காவது சிக்கினால் தட்டில் உள்ள எல்லாக் கேஸையும் எடுத்து, மருந்தைக் கொட்டிவிட்டு, முதலிலிருந்து தொடங்குங்கள். இரட்டையும் காலியும் பிறப்பது பெரும்பாலும் இப்படிச் சிக்கின நேரத்தில்தான்.

கேள்வி: .357 மேக்னத்துக்கு எச்110 வைத்திருக்கிறேன். உதைப்பு அதிகம். மருந்தைக் கால்வாசி குறைத்தால் இதமாக இருக்குமா?

பதில்: எச்110க்கும் 296க்கும் அது ஆபத்து. தயாரிப்பாளர் கொடுத்த அளவிலிருந்து 3 விழுக்காட்டுக்கு மேல் குறைக்கக் கூடாது என்பது அவர்களின் எச்சரிக்கை. மற்ற மருந்துகளில் 10 விழுக்காடு குறைத்துத் தொடங்குவது வழக்கம் என்பதால் பலர் இங்கே வழுக்கி விழுகிறார்கள்.

இது பற்றுவதற்கே கஷ்டப்படும் மருந்து. கேஸ் நிறைய மருந்து, மேக்னம் பிரைமர், குண்டை இறுக்கிப் பிடிக்கும் நல்ல கிரிம்ப் மூன்றும் சேர்ந்தால்தான் அழுத்தம் ஏறி ஒழுங்காக எரியும். குறைத்துப் போட்டால் பிரைமரின் தள்ளலில் குண்டு நகர்ந்துவிடும், இடம் பெருகும், அழுத்தம் விழும், தீ அணைந்துபோகும். குண்டு குழலின் நடுவே நிற்கும். அடுத்த குண்டு அதன் முதுகில் மோதினால் குழல் பலூனாகும்.

இதமான .357 வேண்டுமென்றால் மருந்தை மாற்றுங்கள். எச்பி-38, யூனிக் இரண்டுக்கும் கையேட்டில் நடுத்தர அளவுகள் கிடைக்கும். எச்110ஐ முழு வேகத் தோட்டாவுக்கென்று எடுத்துவையுங்கள்.

கேள்வி: ஷாட்கன் மருந்தைப் பிஸ்டலுக்குப் போடலாமா? ரைஃபிள் மருந்தை?

பதில்: முதலாவது, கையேட்டில் இருந்தால் தாராளமாக. ரெட் டாட், யூனிக் இரண்டும் ஷாட்கன்னிலும் பிஸ்டலிலும் காலங்காலமாகப் புழங்குபவை. இரண்டாவது, வேண்டாம். பெரும்பாலான ரைஃபிள் மருந்து குட்டைக் குழலில் எரிந்தே முடியாது.

கேள்வி: அளவியில் ஒரே இடத்தில் திருகி வைத்தும் ஒருமுறை 4.3, அடுத்தமுறை 4.7 என்று விழுகிறது. அளவி கெட்டுவிட்டதா?

பதில்: அனேகமாக மருந்தின் குணம். அளவி எடைபோடுவதில்லை, கொள்ளளவைத்தான் அளக்கிறது. பெரிய தகடுகள் ஒன்றன்மேல் ஒன்று குறுக்கே படுத்துப் பாலம் கட்டிக்கொள்ளும். ஒருமுறை குறைவாக விழும், மறுமுறை பாலம் உடைந்து சேர்ந்து விழும். யூனிக்குக்கு இந்தப் பெயர் உண்டு. எச்பி-38, அக்யுரேட் வரிசை போன்றவை வழுவழுவென்று இறங்கும்.

அளவிக்குப் பொறுப்பு இல்லாமலும் இல்லை. மேலே உள்ள மருந்து மட்டம் கால்வாசிக்குக் கீழே போனால் அழுத்தும் எடை குறைந்து அளவும் குறையும். பாதிக்கு மேலேயே வைத்துக்கொள்ளுங்கள். கைப்பிடியை ஒவ்வொரு முறையும் ஒரே வேகத்தில், இரு முனையிலும் ஒரே மாதிரி தட்டி இயக்குங்கள். மருந்து நிரப்பியதும் முதல் பத்து அளவைத் திரும்பத் தொட்டியிலேயே கொட்டிவிடுங்கள், மருந்து அப்போதுதான் படியும். பிறகு பத்து அளவைச் சேர்த்து எடைபோட்டுப் பத்தால் வகுங்கள். அதன்பின் பத்துக்கு ஒன்றாவது தராசில் ஏற வேண்டும்.

தராசை அதனுடன் வந்த படிக்கல்லால் சரிபாருங்கள். மின்விசிறிக் காற்று பட்டாலே எண் ஆடும். பேட்டரி தீரும்போது நகரும். உச்ச அளவை ஒட்டி நிரப்புபவர் தகட்டு மருந்தை அளவியில் விடாமல் ஒவ்வொன்றாக எடைபோடுவதே முறை. இன்னும் நல்லது, உச்சத்தை ஒட்டாமல் இருப்பது.

கேள்வி: கையேட்டில் சொன்ன நீளத்தைவிட என் 9 மி.மீ. தோட்டா சற்றுக் குட்டையாக வருகிறது. மருந்து அளவு சரியாக இருக்கிறதே, கவலைப்படணுமா?

பதில்: 9 மி.மீ.யில் கட்டாயம் கவலைப்பட வேண்டும். கேஸே சிறியது. குண்டு அரை மில்லிமீட்டர் கூடுதலாக இறங்கினாலும், அதன் அடிப்பக்கத்துக்குக் கீழே மருந்துக்கு மிஞ்சும் இடத்தில் கணிசமான பங்கு போய்விடும். வேக மருந்தாக இருந்தால் அழுத்தம் நேர்விகிதத்தில் ஏறாது, தாவும். .38 ஸ்பெஷலில் இதே தவறு பெரும்பாலும் தெரியாமலே போய்விடும். அங்கே இடம் கொட்டிக்கிடக்கிறது.

குண்டின் வடிவம் மாறினால் நீளமும் மாறும். நீளத்துக்கான தர உச்சம் 29.69 மி.மீ. என்றாலும் உங்கள் குழலின் அறையும் மேகசினும் அனுமதிக்கும் நீளம் வேறாக இருக்கலாம். கையேட்டில் உங்கள் குண்டு இல்லை என்றால் அதே எடையில், அதே வகையில் உள்ளதன் தொடக்க அளவிலிருந்து ஏறுங்கள். நிரப்பின தோட்டாவை மேசை விளிம்பில் கட்டைவிரலால் அழுத்திப் பாருங்கள். குண்டு உள்ளே நகர்ந்தால் கேஸின் பிடி போதாது, ஊட்டும்போது இன்னும் இறங்கிவிடும்.

கேள்வி: பிரைமர் தட்டையாகும்வரை மருந்தை ஏற்றலாம் என்கிறார் நண்பர்.

பதில்: நண்பர் ரைஃபிள்காரராக இருப்பார். .308 வின்செஸ்டரின் உச்ச அழுத்தம் 62,000 பி.எஸ்.ஐ. அந்தப் பக்கத்தில் பிரைமர் தட்டையாவது ஏதாவது சொல்லும். .45 ஏ.சி.பி.யின் எல்லை 21,000. அதை இரண்டு மடங்கு தாண்டினாலும் பிரைமர் பழையபடியே அழகாக இருக்கலாம், துப்பாக்கி இருக்காது. கைத்துப்பாக்கியில் பிரைமரைப் பார்த்து ஜோசியம் சொல்ல முடியாது. வேகமானி வையுங்கள். கையேடு உச்ச அளவுக்குச் சொன்ன வேகம் உங்களுக்கு அதற்கு முன்பே வந்துவிட்டால் உச்ச அழுத்தமும் வந்துவிட்டது என்று கொள்ளுங்கள். குழலின் நீளம் கையேட்டின் சோதனைக் குழலோடு ஒத்துப்போகிறதா என்று பார்த்துத்தான் ஒப்பிட வேண்டும்.

கேள்வி: போட்டிக்கு உதைப்புக் குறைந்த தோட்டா வேண்டும். மருந்து மாற்றினால் போதுமா?

பதில்: குண்டையும் சேர்த்து மாற்றுங்கள். போட்டிகளில் லேசான தோட்டாவுக்கான ‘மைனர்’ பிரிவுக்கு வேண்டிய 125 என்ற எண், குண்டின் கிரெய்ன் எடையை விநாடிக்கு இத்தனை அடி என்ற வேகத்தால் பெருக்கி ஆயிரத்தால் வகுத்தால் வருவது. 124 கிரெய்ன் குண்டு 1010 அடி போனாலும், 147 கிரெய்ன் குண்டு 860 அடி போனாலும் இலக்கைத் தொட்டுவிடலாம். போட்டி நாளில் வேகமானி உங்களுடையதாக இருக்காது, வெயிலும் வேறாக இருக்கும். இரண்டு மூன்று எண் கூடுதலாக வைத்துக்கொள்ளுங்கள்.

மருந்தும் வாயுவாகி முன்னால்தான் போகிறது, அதுவும் குண்டைவிட வேகமாக. ஆகவே அதன் எடையும் உதைப்பில் சேரும். ஒரே வேகத்தை 4 கிரெய்னில் தரும் மருந்து, 6 கிரெய்னில் தருவதைவிடக் கையில் மென்மையாகத் தெரியும். போட்டிக்காரர்கள் டைட்குரூப், என்320 பக்கம் போவதற்கு இது ஒரு காரணம். என்320ல் கரி குறைவு என்பதும் உண்மைதான். விலையும் அதற்கேற்றபடி இருக்கும். குழல் முனையில் வாயுவைத் திருப்பிவிடும் துளை உள்ள துப்பாக்கிக்கு மட்டும் இந்தக் கணக்கு தலைகீழ்: அங்கே வாயு அதிகம் இருந்தால்தான் அந்தத் துளை வேலை செய்யும், மெது மருந்தே நல்லது.

கேள்வி: ஈயக் குண்டுக்கு டைட்குரூப் போட்டால் ஒரே புகை. புகையில்லா மருந்து என்றுதானே பெயர்?

பதில்: புகை மருந்திலிருந்து வருவதைவிடக் குண்டின் மசகிலிருந்தே அதிகம் வருகிறது. சூடான மருந்து மெழுகு மசகைக் கருக்குகிறது. உறையிட்ட குண்டுக்கு மாறினால் பாதி அடங்கும். ஈயத்தையே வைத்துக்கொள்வதானால் சூடு குறைந்த என்320 பக்கம் பாருங்கள். குண்டின் விட்டம் குழலுக்குச் சற்றும் குறையாமல் இருக்கட்டும். இடுக்கில் வாயு கசிந்தால் எந்த மருந்தானாலும் ஈயம் குழலில் அப்பிக்கொள்ளும். இந்த வேலை முடித்துக் கை கழுவாமல் எதையும் வாயில் வைக்காதீர்கள்.

கேள்வி: இரவில் சுட்டால் கண் கூசும் அளவுக்குத் தீ வருகிறது.

பதில்: குட்டைக் குழலில் மெது மருந்து. வேக மருந்துக்கு மாறினால் அடங்கும். ஆனால் குட்டைக் குழலாக இருந்தாலும் அதிக வேகம் தருவது பெரும்பாலும் அந்த மெது மருந்துதான். தீயா வேகமா என்று நீங்களே முடிவு செய்யுங்கள்.

கேள்வி: பல வருடம் பழைய டப்பா ஒன்று கிடைத்தது. நல்லதா கெட்டதா?

பதில்: மூடி முத்திரை உடைந்திருந்தால் எங்கள் பதில் ‘கெட்டது’. உள்ளே இருப்பது டப்பாவின் மேல் எழுதினதுதானா என்று சொல்ல ஆள் இல்லை.

உங்கள் சொந்த டப்பா என்றால் முகர்ந்து பாருங்கள். நல்ல மருந்தில் கரைப்பானின் வாசனை, லேசான ஈதர் நெடி வரும். கெட்டதில் மூக்கைக் குத்தும் புளித்த அமில நெடி. துரு நிறத்தில் தூசி படிந்திருந்தாலோ, மூடியைத் திறக்கும்போது செம்பழுப்புப் புகை எழுந்தாலோ உள்ளே உள்ள நிலைப்படுத்தி தீர்ந்துவிட்டது. நைட்ரோசெல்லுலோஸ் சிதையும்போது வரும் அமிலம் சிதைவை இன்னும் வேகப்படுத்தும். அதைப் பிடித்து வைத்திருப்பதுதான் நிலைப்படுத்தியின் வேலை. தீர்ந்தபின் அந்த டப்பாவை வீட்டில் ஒரு நாளும் வைக்க வேண்டாம். கொஞ்சமாக இருந்தால் புல்தரையில் மெல்லிய படலமாகத் தூவிவிடலாம். அதில் உள்ள நைட்ரஜன் புல்லுக்கு உரம்.

சேமிப்பதற்கு அசல் டப்பா போதும். கனமான இரும்புப் பெட்டகத்தில் பூட்டி வைப்பதைப் பத்திரம் என்று பலர் நினைக்கிறார்கள். தீப் பிடித்தால் திறந்த இடத்தில் மருந்து எரியும்; இறுக்கி அடைத்த இரும்புக்குள் அது வெடிகுண்டு. விற்பனை டப்பாக்கள் உள்ளழுத்தத்தில் சுலபமாகப் பிளந்துவிடும்படி செய்யப்படுவது இதற்காகத்தான். அமெரிக்காவின் என்.எஃப்.பி.ஏ. 495 விதி வீட்டில் 20 பவுண்டுவரை அசல் டப்பாவில் வைக்க இடம் தருகிறது. அதற்குமேல் 50 பவுண்டுவரை ஓர் அங்குலக் கனமுள்ள மரப்பெட்டி கேட்கிறது. காரின் பின்பெட்டி, மொட்டைமாடி அறை போன்ற வெப்பமான இடங்கள் மருந்தின் ஆயுளைக் குறைக்கும்.

கேள்வி: இரண்டு டப்பாவில் அடியில் கொஞ்சம் கொஞ்சம் மிச்சம். சேர்த்துவிடலாமா?

பதில்: வேறு மருந்தென்றால் கூடவே கூடாது. அதே மருந்தாக இருந்தாலும் உற்பத்தித் தொகுதி எண் வேறாக இருந்தால் தனித்தனியாகத் தீருங்கள். தொகுதிக்குத் தொகுதி சிறிது மாறும். புதுத் தொகுதியைத் திறந்தால் அளவியைச் சரிபார்த்து, உச்சத்தில் நிரப்பிக்கொண்டிருந்தால் சற்று இறங்கி மறுபடி ஏறுங்கள்.

கேள்வி: மருந்தையே வீட்டில் தயாரித்தால் செலவு மிச்சமாகுமே?

பதில்: விரல்களின் செலவைக் கணக்கில் சேர்க்கவில்லை.

கேள்வி: சுடும்போது ‘டப்’ என்று ஒரு மெல்லிய சத்தம். தோட்டா மாறியதும் தொடர்ந்து சுடலாமா?

பதில்: நிறுத்துங்கள். மருந்தில்லாத தோட்டா என்றால் பிரைமர் மட்டுமே குண்டைக் குழலுக்குள் தள்ளி நடுவில் விட்டிருக்கும். விசையிலிருந்து விரலை எடுத்து, குழலை இலக்கின் பக்கமே முப்பது விநாடி வையுங்கள். மேகசினைக் கழற்றி, அறையைக் காலி செய்து, துப்பாக்கியைப் பிரித்துப் பின்பக்கத்திலிருந்து வெளிச்சத்தைப் பாருங்கள். வெளிச்சம் தெரியாவிட்டால் பித்தளைக் கம்பியால் தட்டி எடுக்க வேண்டும். இன்னொரு தோட்டாவால் சுட்டுத் தள்ள முயலாதீர்கள். அன்றைக்கு நிரப்பின மிச்சத்தையும் பிரித்துப் பாருங்கள். ஒரு கேஸில் மருந்து விழவில்லை என்றால் அதன் பங்கு பக்கத்துக் கேஸில் விழுந்திருக்கக்கூடும்.

கேள்வி: மிச்ச மருந்தை அளவித் தொட்டியிலேயே விட்டுவைக்கலாமா? நாளைக்கும் அதே மருந்துதான்.

பதில்: இரவோடு இரவாகவே எடுத்துவிடுங்கள். நைட்ரோகிளிசரின் கலந்த மருந்து பிளாஸ்டிக் தொட்டியை அரித்துப் பனிப்படலம் போட்டுவிடும். வெளிச்சம் மருந்துக்கும் ஆகாது. எல்லாவற்றையும்விட, நாளைக்கும் அதே மருந்துதான் என்று இன்றைக்குத் தெரியும், அடுத்த மாதம் தெரியாது. மேசைமேல் எப்போதும் ஒரே ஒரு டப்பா, அதுவும் அளவிக்குப் பக்கத்திலேயே. தொட்டியில் உள்ளது அதற்குள் திரும்பிப் போனபின்தான் அடுத்த டப்பா அலமாரியைவிட்டு இறங்க வேண்டும்.